கொலராடோ மலையில் வில்லோடு எல்க் வேட்டை: முதல்முறை போகிறவர்களுக்கு

எல்க் என்பது வட அமெரிக்காவின் பெரிய மான் இனம். அதன் வேட்டைக்குத் திட்டம் போடும் புதியவர்கள் பெரும்பாலும் வில்லில் தொடங்குகிறார்கள். எந்த வில், எந்த அம்பு, எந்த நிற உடுப்பு என்று மாதக்கணக்கில் வீடியோ பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் கறியில் தொடங்குங்கள் என்பேன்.

வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். எலும்பை நீக்கிய பிறகும் 80 முதல் 100 கிலோ கறி தேறும். பாதை இல்லாத சரிவில் அதை முதுகில் சுமந்து வண்டிவரை கொண்டுவர வேண்டியது நீங்கள்தான். ஒரு நடைக்கு 25 கிலோ என்று வைத்தால் ஒற்றை ஆளுக்கு நாலு நடை. வண்டியிலிருந்து 5 கிலோமீட்டர் உள்ளே அடித்திருந்தால், அந்தத் தூரத்தை ஏழு முறை கடக்க வேண்டும். ஆக 35 கிலோமீட்டர், அதில் பாதிக்கு மேல் சுமையோடு. கூடாரத்தையும் படுக்கையையும் இறக்கும் நடை இதில் சேரவில்லை. செப்டம்பர் மதியத்தில் மலையிலும் வெயில் சுள்ளென்று அடிக்கும், கறி உங்களுக்காகக் காத்திருக்காது. எத்தனை பேர் போவது, எவ்வளவு தூரம் உள்ளே போவது, எத்தனை நாள் விடுப்பு எடுப்பது எல்லாமே இந்தக் கணக்கிலிருந்துதான் வரும்.

இந்தியாவிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: வேட்டை குற்றமில்லையா? நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அநேகமாக எல்லா வேட்டையும் குற்றம்தான். அமெரிக்காவில் வேறு ஏற்பாடு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே எல்க் ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. இப்போது வட அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் இருக்கின்றன. கொலராடோவில் மட்டும் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல், வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. எத்தனை உரிமம் கொடுப்பது என்பதை மாநில வனவிலங்குத் துறை ஆண்டுதோறும் கணக்கிட்டு முடிவு செய்கிறது. உரிமக் கட்டணமும், 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா, வில் விற்பனைமீது விழும் வரியும்தான் அந்தத் துறையின் பெரிய வருமானம். அடித்த கறியை விற்கக் கூடாது. நண்பர்களுக்குக் கொடுக்கலாம்.

உரிமம்: ஜனவரியிலேயே தொடங்குங்கள்

கொலராடோவில் வில் சீசன் செப்டம்பர் 2 முதல் 30 வரை. ஆனால் உரிமம் யாருக்கு என்று முடிவு செய்யும் குலுக்கலுக்கான விண்ணப்பம் மார்ச்சில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரத்தில் மூடிவிடும். கோடையில் ஆசை வந்து தேடுகிறவர்கள் அந்த ஆண்டைத் தவறவிடுவது இதனால்தான்.

முதல் வேலை வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு. 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எவரும் சான்றிதழ் இல்லாமல் உரிமம் வாங்க முடியாது. இதை முடித்து வைத்துவிடுங்கள். மான்டானா, ஐடஹோ போன்ற மாநிலங்களில் வில்வேட்டைக்கென்று தனி வகுப்பும் கேட்பார்கள். கொலராடோவில் அது தேவையில்லை.

ஆறு மாதம் தொடர்ந்து கொலராடோவில் குடியிருந்தவர் உள்ளூர்க்காரர் என்ற கணக்கில் வருவார். டென்வர் பக்கம் வேலை பார்க்கும் தமிழர்கள் பலருக்கு இது பொருந்தும். உள்ளூர்க்காரர்கள் இன்னும் பல வேட்டை அலகுகளுக்கு (வேட்டைக்காக மாநிலத்தைப் பிரித்து வைத்திருக்கும் பகுதிகள்) குலுக்கல் இல்லாமலே வில் சீசன் எல்க் உரிமம் வாங்கலாம். வெளிமாநிலத்தவருக்கு 2025 முதல் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. ஐ-25 நெடுஞ்சாலைக்கு மேற்கே, அதாவது எல்க் இருக்கும் மலைநாடு கிட்டத்தட்ட முழுவதும், அவர்களுக்குக் குலுக்கல்தான். கட்டணமும் உள்ளூர்க்காரருக்கு ஆவதைவிடப் பல மடங்கு. எச்1பி விசாவில் இருப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்வது நல்லது: அந்த விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதற்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. வில் அந்தச் சட்டத்தின் கணக்கில் துப்பாக்கி அல்ல.

விதிப் புத்தகத்தை முழுக்கப் படியுங்கள். பல அலகுகளில் ஆண் எல்க்கை அடிக்க வேண்டுமென்றால் அதன் ஒரு கொம்பிலாவது நாலு கிளை இருக்க வேண்டும், இல்லையென்றால் புருவக் கிளை, அதாவது கொம்பின் அடியில் முன்பக்கம் நீளும் கிளை, 5 அங்குலமாவது இருக்க வேண்டும். உரிமத்தில் 'ஆண் அல்லது பெண்' என்று இருந்தால் முதல்முறை போகிறவர் பெண் எல்க்கை அடிப்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. கறியும் மென்மை, சுமையும் குறைவு. வயோமிங் பக்கம் ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே சட்டப்படி வில்டர்னஸ் என்று அறிவிக்கப்பட்ட பகுதிகளில் வெளிமாநிலத்தவர் வழிகாட்டியோ உள்ளூர்த் துணையோ இல்லாமல் பெருமிருக வேட்டைக்குப் போக முடியாது.

இடம் பார்ப்பது

தேசியக் காடுகளும் பி.எல்.எம். (கூட்டாட்சி நில மேலாண்மைத் துறை) நிலங்களும் எல்லோருக்கும் பொதுவானவை, நுழைவுச்சீட்டு கிடையாது. கொலராடோவின் வடமேற்கில் ஒயிட் ரிவர் தேசியக் காடும் பெரும்பாலும் அதற்குள் அடங்கும் ஃப்ளாட் டாப்ஸ் வில்டர்னஸும் எல்க்குக்குப் பேர்போனவை. பேர்போன இடத்தில் கூட்டமும் இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கோடையிலேயே கணினியில் செயற்கைக்கோள் படத்தையும் உயரக்கோட்டு வரைபடத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஆன்எக்ஸ் போன்ற செயலிகள் தனியார் நில எல்லையையும் காட்டும். கொலராடோவில் வேலியோ பலகையோ இல்லாவிட்டாலும் தனியார் நிலம் தனியார் நிலம்தான், எனவே இந்த எல்லைக்கோடு முக்கியம். நீங்கள் தேடுவது மூன்று விஷயம்: இரவில் மேய ஒரு புல்வெளி, பகலில் படுக்க வடக்கு பார்த்த சரிவில் அடர்ந்த மரக்காடு, இரண்டுக்கும் நடுவில் தண்ணீர். சரிவின் நடுவே திண்ணை போலத் தட்டையாக நீளும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அங்கேதான் எல்க் படுக்கும். செப்டம்பரில் 9,000 முதல் 11,500 அடி உயரம்வரை தேடலாம்.

சாலைக்குப் பக்கத்தில் ஆள் நடமாட்டம் கூடினால் எல்க் உள்ளே நகர்ந்துவிடும். அதற்காகப் பதினைந்து கிலோமீட்டர் உள்ளே போனால்தான் வேட்டை என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். முதலில் சொன்ன கறிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டு பேர் போகிறீர்கள், குதிரை இல்லை என்றால் வண்டியிலிருந்து மூன்று, நாலு கிலோமீட்டர் போதும். அதற்குள்ளேயே ஒரு செங்குத்தான மேட்டையோ ஓடையையோ தாண்டிப் போனால் பாதி ஆட்கள் பின்தங்கிவிடுவார்கள். இன்னொன்று: வில்டர்னஸ் பகுதியில் மோட்டார் வண்டி மட்டுமல்ல, சைக்கிளும் கறி இழுக்கும் தள்ளுவண்டியும்கூடக் கூடாது. அதற்கும் உள்ளே போகத்தான் ஆசை என்றால், கறியை இறக்கித்தர உரிமம் பெற்ற குதிரைக்காரரிடம் சீசனுக்கு முன்பே பேசி வையுங்கள். கறி மரத்தில் தொங்கும்போது தேடினால் ஆள் கிடைக்காது.

ஒரே இடத்தை நம்பிப் போகாதீர்கள். மூன்று நுழைவிடங்களாவது குறித்து வைத்திருங்கள். முதலாவதில் ஏழெட்டு வண்டி நின்றால் இரண்டாவதுக்குப் போங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு அந்தப் பகுதி வன அலுவலகத்துக்குப் போன் போட்டு எந்தச் சாலை மூடியிருக்கிறது, விறகு மூட்டத் தடை உண்டா என்று கேளுங்கள். வறண்ட ஆண்டில் விறகு அடுப்பு சுத்தமாகக் கூடாது. திருகி அணைக்கும் கேஸ் அடுப்பை மட்டும் விடுவார்கள்.

வில்

கொலராடோவில் வில்லின் இழுவிசை குறைந்தது 35 பவுண்டு இருக்க வேண்டும். அம்புமுனை குறைந்தது இரண்டு எஃகு வெட்டுவாய் கொண்டதாக, அகலம் குறைந்தது 7/8 அங்குலம், அதாவது சுமார் 22 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். குறுக்குவில்லுக்கு வில் சீசனில் பொதுவாக இடமில்லை. எல்க்குக்குப் பெரும்பாலானவர்கள் 60, 70 பவுண்டு காம்பவுண்ட் வில் (முனைகளில் கப்பி உள்ள வில்) வைத்திருப்பார்கள். 70 பவுண்டை நெளிந்து வளைந்து இழுப்பதைவிட 55 பவுண்டை அசையாமல் இழுப்பது மேல். உங்கள் ஊர் வில்கடையில் இழுப்பு நீளம் அளந்து பொருத்தச் சொல்லுங்கள். இணையத்தில் வாங்கி நீங்களே திருகிக்கொண்டிருக்க வேண்டாம்.

பயிற்சி என்றால் மைதானத்தில் நின்று நூறு அம்பு விடுவது என்று நினைக்காதீர்கள். காட்டில் உங்களுக்குக் கிடைப்பது முதல் அம்பு ஒன்றுதான். தினமும் காலையில் உடம்பு சூடாவதற்கு முன் ஒரே ஒரு அம்பு விடுங்கள், அது எங்கே விழுந்தது என்று எழுதி வையுங்கள். மூட்டையை மாட்டிக்கொண்டு, மண்டியிட்டு, சரிவில் மேலும் கீழும் பார்த்து, படியேறி மூச்சு வாங்கும்போது என்று மாற்றி மாற்றி விடுங்கள். ஜூலைக்குள் வேட்டைக்குப் போடப்போகிற முனையையே மாட்டிப் பழகுங்கள். பயிற்சி முனையும் வெட்டுமுனையும் எப்போதும் ஒரே இடத்தில் விழுவதில்லை.

உங்கள் எல்லை எது? சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத்துக்குள், மேலே சொன்ன எந்த நிலையிலும், எல்லா அம்பும் விழும் தூரம்தான். பலருக்கு அது 30 யார்டு. சரி, 30 யார்டு என்றால் 30தான். காட்டில் அதை நீட்டிக்க ஆசை வரும், விடாதீர்கள்.

உடம்பும் மலையும்

தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். நீங்கள் கூடாரம் போட்டுத் தூங்கப்போவது பெரும்பாலும் அதைவிட உயரத்தில். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், 7,000, 8,000 அடி ஊர் ஒன்றில் தங்கிவிட்டு மேலே ஏறுங்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் அது மலைநோய். மாத்திரை போட்டுச் சமாளித்துக்கொண்டு மேலே ஏறாதீர்கள். தலைவலி கூடினாலோ, நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்க வேண்டும், அதற்கு வேறு வைத்தியமில்லை. வசந்தத்திலிருந்தே வாரம் இரண்டு நாள் மூட்டை சுமந்து மேடு ஏறுங்கள். பத்து கிலோவில் தொடங்கி ஆகஸ்டில் இருபத்தைந்துக்கு வாருங்கள்.

மூட்டையைப் பற்றி நீட்டப்போவதில்லை. பருத்தித் துணி வேண்டாம், நனைந்தால் காயாது. கம்பளியோ செயற்கை நூலோ எடுங்கள். செப்டம்பரில் மதியம் இடி மின்னலும், மாத நடுவில் பனியும் சகஜம், மழைக்கோட்டும் குளிர்ப்படுக்கையும் அதற்கேற்ப இருக்கட்டும். ஓடைத் தண்ணீரை வடிகட்டாமல் குடித்தால் ஜியார்டியா என்ற கிருமி வயிற்றைக் கலக்கிவிடும். போன் சிக்னல் இருக்காது, எனவே இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் தகவல் கருவி ஒன்று கட்டாயம். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ரத்தம் நிறுத்தும் இறுக்குப்பட்டை ஒன்று முதலுதவிப் பையில் இருக்க வேண்டும், அம்புமுனையும் கத்தியும் உங்களையும் வெட்டும். சாப்பாட்டுக்கு உறைபனியில் உலர்த்திய பாக்கெட் உணவு எல்லோரும் எடுப்பார்கள். ஐந்தாம் நாள் அதைப் பார்த்தாலே வாய் கசக்கும். பொரிவிளங்காய் உருண்டை, கடலை மிட்டாய், வறுத்த அவல், பருப்புப்பொடி எல்லாம் எடைக்கு நல்ல சத்து, அடுப்பும் அதிகம் வேண்டாம். கருங்கரடிகள் உண்டு. சாப்பாட்டை வாசனை வெளிவராமல் கட்டிக் கூடாரத்திலிருந்து நூறு யார்டு தள்ளி மரத்தில் தொங்கவிடுங்கள்.

காற்று

எல்க் உங்களைப் பார்த்துவிட்டால் சில சமயம் நின்று யோசிக்கும். சத்தம் கேட்டாலும் இன்னொரு எல்க் என்று விட்டுவிடும். மோப்பம் பிடித்தால் மட்டும் யோசனையே இல்லை, கூட்டத்தோடு அடுத்த மலைக்குப் போய்விடும். அதனால் மலையில் காற்று எப்படி நகர்கிறது என்பதைத்தான் முதல் பாடமாகப் படிக்க வேண்டும்.

விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும். வெயில் பட்டு நிலம் சூடானதும் மேலே ஏறத் தொடங்கும். மாலையில் நிழல் விழுந்ததும் திரும்பவும் இறங்கும். ஆகவே காலையில் கீழேயிருந்து அணுகுங்கள், மதியத்தில் மேலேயிருந்தோ பக்கவாட்டிலோ வாருங்கள். இரண்டுக்கும் நடுவில், பெரும்பாலும் எட்டரையிலிருந்து பத்தரைவரை, காற்றுக்கே தான் போகும் திசை தெரியாது. சின்னக் குப்பியில் வாசனையில்லாத பொடி வைத்திருப்பார்கள். அதை லேசாக அமுக்கிப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் இடப்பக்கம் போகும், நிற்கும், சுற்றும், அப்புறம் உங்கள் முகத்துக்கே வந்து படியும். அப்படி ஆனால் எல்க் எவ்வளவு பக்கத்தில் கத்தினாலும் பின்வாங்கி உட்கார்ந்துவிடுங்கள். அதைத் துரத்திக்கொண்டு போனால் அந்தப் பள்ளத்தாக்கில் மிச்ச நாளுக்கு ஒன்றும் இருக்காது.

இனச்சேர்க்கைக் காலம் செப்டம்பர் நடுவிலிருந்து கடைசிவரை உச்சத்தில் இருக்கும். ஆண் எல்க்கின் குரல் அடித்தொண்டையில் தொடங்கி மேலேறி விசிலாக நீண்டு, உறுமலில் முடியும். முதல்முறை பக்கத்தில் கேட்டால் கை நடுங்கும், அதற்கும் சேர்த்துத்தான் பயிற்சி. முதல்முறை போகிறவர் ஆண் குரல் போட்டுச் சவால் விடாமல் இருப்பது நல்லது. பூனைக்குட்டி கத்துவதுபோல இருக்கும் பெண் எல்க் குரலை அண்ணத்தில் ஒட்டும் ஊதலில் பழகி, எப்போதாவது ஒரு முறை கொடுங்கள். இரண்டு பேர் போனால் அம்பு விடுபவர் முன்னால் இருக்க, குரல் கொடுப்பவர் நாற்பது, ஐம்பது யார்டு பின்னால் இருக்க வேண்டும். வருகிற ஆண் எல்க் குரல் வந்த இடத்தைத்தான் பார்க்கும், காற்றுக்குக் கீழ்ப்பக்கமாகச் சுற்றியும் வரும். முன்னால் நிற்பவர் அதைக் கணக்கில் வைத்து இடம் பிடிக்க வேண்டும்.

மாத நடுவில் ஒன்பது நாள் மஸில்லோடர் (குழல்வாய் வழியாக மருந்து நிரப்பும்) துப்பாக்கிச் சீசனும் கூடவே நடக்கும். வில்காரர்களுக்கு ஆரஞ்சு உடுப்பு கட்டாயமில்லை. ஆனாலும் அந்த நாட்களில் கறியோ தலையோ சுமக்கும்போது மூட்டைமேல் ஒரு ஆரஞ்சுத் துணியைக் கட்டிக்கொள்ளுங்கள்.

அம்பு விட்ட பிறகு

பக்கவாட்டில் நிற்கும்போதோ, சற்றே உங்களுக்கு முதுகு காட்டித் திரும்பி நிற்கும்போதோ மட்டும் விடுங்கள். முன்னங்காலுக்குக் கொஞ்சம் பின்னே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் படவேண்டும். அங்கேதான் நுரையீரலும் இதயமும். உங்களை நேருக்கு நேர் பார்த்து நிற்கும் எல்க்கைப் போகவிடுங்கள்.

அம்பு பட்டதும் எழுந்து ஓடாதீர்கள். அது நின்ற இடம், கடைசியாகத் தெரிந்த மரம் இரண்டையும் போனில் குறியுங்கள். அரைமணி நேரம் கழித்து அம்பைத் தேடுங்கள். நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், சீக்கிரம் கிடைக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், நாலைந்து மணி நேரம் விடுங்கள். பச்சையும் சாண நாற்றமும் இருந்தால் குடல். அப்போது எட்டு, பத்து மணி நேரம் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டுப் பின்னால் போனால் அது எழுந்து மலை தாண்டும். குளிரான இரவாக இருந்தால் காலையில் தேடலாம், சூடாக இருந்தால் கறி போய்விடும். இந்த இக்கட்டில் எந்த முடிவும் நல்ல முடிவாக இருக்காது. அம்பை விடாமல் இருந்திருக்கலாமோ என்று இங்கே தோன்றுவதைத்தான் 30 யார்டு எல்லை முன்கூட்டியே தடுக்கிறது.

கறி

உயிர் போனது உறுதியானதும் உரிமத்திலுள்ள சீட்டில் கையெழுத்தும் தேதியும் போட்டுக் கிழியுங்கள். அப்புறம் கத்தி.

வயிற்றைத் திறக்காமலே வெட்டும் முறை மலைக்கு ஏற்றது. மிருகத்தைப் பக்கவாட்டில் கிடத்தி, கால்களைக் கயிற்றால் மரத்தில் கட்டி, கழுத்திலிருந்து வால்வரை முதுகெலும்பை ஒட்டித் தோலைக் கீறுங்கள். தோலை வயிற்றுப் பக்கம் உரித்து விரித்தால் அதுவே சுத்தமான விரிப்பு. முன்னங்கால் சப்பை எலும்பு மூட்டில்லாமல் சதையால்தான் ஒட்டியிருக்கும், தூக்கிப் பிடித்து அறுத்தால் வந்துவிடும். பின்தொடையை இடுப்பு மூட்டுவரை சுற்றி அறுத்து, பந்துமூட்டை விடுவியுங்கள். பிறகு முதுகெலும்பை ஒட்டி நீளமாக ஓடும் முதுகுக்கறி, கழுத்துக்கறி. கடைசி விலாவுக்குப் பின்னால் குடலை அமுக்கிக்கொண்டு கையை விட்டால் உள்பக்கத்து மெல்லிய கறி கிடைக்கும். மறுபக்கம் புரட்டி அதையே திரும்பச் செய்ய வேண்டும். ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பு ஒரு தொடையோடு ஒட்டியே இருக்க வேண்டும், இது சட்டம். முதல்முறை செய்கிறவருக்கு மூன்று, நாலு மணி நேரம் ஆகும், பெரும்பாலும் தலைவிளக்கு வெளிச்சத்தில். இரண்டாவது விளக்கும் மாற்று பேட்டரியும் எதற்கு என்று அப்போது தெரியும்.

கறிக்கு எதிரி சூடுதான். தோல் உரிக்காமல் விட்டால் அந்தக் கனத்த ரோமம் உள்சூட்டை வெளியே விடாது. தொடை எலும்பு இடுப்போடு சேரும் மூட்டைச் சுற்றிய கறிதான் முதலில் கெடும், அதனால் அங்கே எலும்புவரை கீறித் திறந்து வையுங்கள். காற்றுப் போகும் துணிப்பைகளில் போட்டு, வெயில் படாத வடக்குச் சரிவில், ஓடைக்குப் பக்கத்துக் குளிர்ந்த பள்ளத்தில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது. குடல் கிடக்கும் இடத்திலிருந்து நூறு யார்டாவது தள்ளித் தொங்கவிட வேண்டும். மறுநடைக்கு வரும்போது சத்தமாகப் பேசிக்கொண்டே வாருங்கள், கரடி உங்களுக்கு முன்னால் வந்திருக்கலாம். கொம்பு கடைசி நடைக்கு. கறியை மலையில் விட்டுவிட்டுக் கொம்பை மட்டும் எடுத்துப்போவது கொலராடோவில் கடுமையான குற்றம்.

வண்டியில் இரண்டு பெரிய ஐஸ்பெட்டிகள் இருக்கட்டும். உறையவைத்த தண்ணீர்க் கேன்களை வீட்டிலிருந்தே உள்ளே வைத்துக் கொண்டுவந்தால் ஒரு வாரம் கழித்தும் பாதி பனியாகவே இருக்கும். மான் இனங்களைப் பிடிக்கும் உருக்குலைவு நோய் (சி.டபிள்யூ.டி.) கொலராடோவில் பல அலகுகளில் உண்டு. தலையைத் துறையின் பரிசோதனை மையத்தில் கொடுங்கள், முடிவு வரும்வரை கறியைத் தனியாக உறையவையுங்கள். நோய் இருப்பதாக வந்தால் சாப்பிட வேண்டாம் என்றுதான் மருத்துவத் துறையினர் சொல்கிறார்கள். பல மாநிலங்கள் மூளையும் தண்டுவடமும் எல்லை தாண்டி வருவதைத் தடுத்திருப்பதால், எலும்பில்லாத கறியாகக் கொண்டுபோவது எல்லாவகையிலும் சௌகரியம்.

பொது நிலத்தில் வில்லோடு போகிறவர்களில் சுமாராகப் பத்தில் ஒருவருக்குத்தான் எல்க் கிடைக்கும். அந்த ஒருவர் நீங்களானால், சமையலுக்கு ஒரு வார்த்தை: எல்க்கில் கொழுப்பு மிகக் குறைவு. முதுகுக்கறியை ஆட்டுக்கறி மாதிரி குக்கரில் போட்டு நாலு விசில் விடாதீர்கள், ரப்பராகிவிடும். மிளகும் உப்பும் தடவி, சூடான இரும்புக்கல்லில் இருபுறமும் வாட்டி, உள்ளே சிவப்பு இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். குக்கரும் மசாலாவும் கழுத்துக்கறிக்கும் முழங்கால் சதைக்கும்.